கோலில் ஒரு வளையம்

கோல் நின்றுவிட்டது. ஆவுடையப்பன் இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தார், எங்கே வலித்துவிடுமோ என்று பயப்படுகிறவர் மாதிரி மெதுவாக. இறங்கவில்லை. இறங்க வேண்டிய கோல் இது. இந்தத் துப்பாக்கிக்கென்றே சீவிய கோல், இருநூறு வருஷத்துக்கு மேலாக இதன் குழலுக்கு அடியில் இதே பள்ளத்தில் படுத்துக் கிடக்கிற கோல். குழலின் வாய் வழியாக விட்டால் அடி வரைக்கும் போய் முட்டி, கோலின் நுனியும் குழலின் வாயும் ஒரு மட்டத்தில் நிற்க வேண்டும். நிற்காமல், நாலு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாலு விரல் தொடங்குகிற இடத்தில், குழலின் விளிம்புக்கு நேராக, இம்மி பிசகாமல் அந்த வளையம். கத்தியால் கோலைச் சுற்றிக் கீறி, கீறலில் சூடு வைத்துக் கறுப்பாக்கிய வளையம். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த வளையம்தான். போன வருஷம் இதே சாப்பாட்டு மேஜையில், இதே சம்பந்தி வீட்டில், அதைக் காட்டித்தான் இந்தத் துப்பாக்கியைச் செய்தவன் இன்னார் என்று அடித்துச் சொன்னார். அது செய்தவனின் கையெழுத்து என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இப்போது அதே வளையம் குழலின் வாயில் வந்து நின்றுகொண்டு அவரைப் பார்த்தது. அது கையெழுத்து இல்லை, அளவு என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.  ஒருத்தன் மருந்து போட்டு, குண்டு போட்டு, இந்தக் கோலால் இடித்துக் கெட்டித்து, கோல் வெளியே நிற்கிற இடத்தில் கத்தியால் கீறி வைத்திருக்கிறான். கோலை விட்டுப் பார், வளையம் வாயில் நின்றால் உள்ளே குண்டு இருக்கிறது என்று தெரிந்துகொள். அவ்வளவுதான் சங்கதி. பச்சைப் பிள்ளைக்குக்கூட விளங்குகிற சங்கதி. உள்ளே குண்டு இருக்கிறது.

இல்லை, இருக்காது, அவசரப்படக் கூடாது. ஆவுடையப்பன் நாற்பது வருஷம் பென்சில்வேனியாவில் ஓர் உருக்குச் சோதனைக்கூடத்தில் இரும்பை வெட்டியும் உடைத்தும் பார்த்துக்கொண்டிருந்தவர், அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததே கிடையாது. குளவி கூடு கட்டியிருக்கலாம். கந்தல் துணி சிக்கியிருக்கலாம். பின்பக்கத்தை அடைக்கிற திருகாணி வழக்கத்தைவிட நீளமாக இருக்கலாம், அப்படி ஒன்றிரண்டு அவரே பார்த்திருக்கிறார், யாராவது துருப்பிடித்த பின்பக்கத்தை வெட்டியெறிந்துவிட்டு நீளமான ஆணியாகப் போட்டிருப்பார்கள், பழைய சாமான் என்றால் ஆளுக்கு ஆள் கை வைப்பதுதானே. குழலைப் பார்த்தார். எட்டுப் பட்டை போட்ட குழல். அடியில் பருத்து, நடுவில் ஒடுங்கி, வாயில் மறுபடி லேசாகப் பருத்த குழல், இரும்புப் பட்டையை ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து உலையில் பற்றவைத்து அடித்தது. இந்தக் குழலில்தான் அவருக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது, இதில் இல்லை, இதைப் போல ஒன்றில். கூட வேலை பார்த்தவன் ஒருவன் தன் தாத்தாவின் துப்பாக்கியைத் தூக்கிவந்து பற்றவைத்த தையல் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல் என்றான், பார்த்துச் சொன்னார், அன்றைக்குப் பிடித்த சனியன். பொறி தட்டுகிற பூட்டில் இருக்கிற பெயரை நம்பாதே, பூட்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. குழலில் இருக்கிற பெயரையும் முழுசாக நம்பாதே, குழல் அடிக்கிற பட்டறை வேறு, கட்டையைச் செதுக்கிக் கோத்தவன் வேறு, குழலின் அடிவயிற்றில் ஒரு முத்திரை இருக்கும், மேல்பட்டையில் வேறொருவன் பெயர் இருக்கும். கட்டையைப் பார், வரியோடிய மேப்பிள் மரம் தோளுக்கு எப்படி வளைகிறது, கன்னம் வைக்கிற இடத்தில் எப்படிச் செதுக்கியிருக்கிறான், பித்தளை மூடியை எப்படிப் பதித்திருக்கிறான், அதுதான் ஆள். இதையெல்லாம் பழைய துப்பாக்கி சேர்க்கிறவர்களின் சங்கக் கூட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கே பாடம் எடுத்தவர். அந்தப் பாடத்தில் முதல் வரி ஒன்று உண்டு. துப்பாக்கியைக் கையில் வாங்கினால், யார் செய்தது என்று பார்ப்பதற்கு முன்னால், கோலை விட்டுப் பார். அதை எல்லாருக்கும் சொல்வார். கோலை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி விட்டார். இரும்பில் முட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். தொத் என்றது. இன்னொரு தரம் தூக்கி விட்டார். தொத். ஈயத்தின் மேல் கோல் விழுகிற சத்தம். ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

"ஏங்க, கையக் கழுவிட்டு வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கப் போறோம்" என்று அடுக்களையிலிருந்து வடிவு குரல் கொடுத்தாள்.

"அப்பா கிட்ட இப்பப் பேசாதம்மா, துப்பாக்கி கையில இருந்தா அவங்களுக்குக் காது கேக்காது" என்றாள் மகள் கோமு. எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்சியின் சிரிப்பும் இருந்தது, பேத்தி, இன்றைக்கு மூன்று வயசு முடிகிறது, அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து.

போன வருஷம் ஏன் கோலை விட்டுப் பார்க்கவில்லை? விட்டுப் பார்த்திருக்கலாம். பக்கத்தில்தான் இருந்தது கோல். எடுத்தார், கையில் வைத்துத் திருப்பினார், வளையத்தைப் பார்த்தார், பரவசப்பட்டார், வாயைப் பிளந்து பிரசங்கம் பண்ணினார், திரும்பப் பள்ளத்தில் செருகினார். குழலுக்குள் விடவில்லை. ஏனென்றால் சம்பந்தி க்ளென் ஷெங்க் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை நேதனின் தகப்பனார். ஐந்து தலைமுறையாக இந்த வீட்டுக் கணப்புக்கு மேலே தொங்குகிற துப்பாக்கியை ஆணியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, பெண்ணைக் கொடுத்தவர் கையில் மரியாதையாகக் கொடுக்கிறார், கொடுக்கும்போது அதில் குண்டு இருக்கிறதா என்று கேட்பதா? உங்கள் வீட்டில் இத்தனை வருஷமாகப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள் என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்வதா? ஆவுடையப்பனால் முடியாது. அவர் திருநெல்வேலிக்காரர், பெண்ணைப் பெற்றவர். க்ளென் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார், க்ளென் கை வைத்த பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார். க்ளெனுக்குத் தாங்கள் மாப்பிள்ளை வீட்டார் என்பதே தெரியாது. பால் பண்ணை வைத்திருந்த மனுஷன், யார் முதலில் உட்கார்ந்தாலும் அவருக்கு ஒன்றுதான். சம்பந்தி என்ற வார்த்தையை மட்டும் கல்யாணத்தில் கற்றுக்கொண்டு, அதைச் சாம்பாண்டி என்று சொல்லிக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு திரிகிறார். ஆனாலும் மரியாதை மரியாதைதான். கோலை விட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும். வரவில்லை. மரியாதை வாயைப் பொத்திவிட்டது, வாயைப் பொத்தியது மரியாதை மட்டும்தானா, பெருமையும்தான், மேல்பட்டையில் தேய்ந்துபோய்ப் பாதி தெரிந்த எழுத்துகளைப் பார்த்த சந்தோஷம்தான். அந்த எழுத்து குழல் அடித்தவனுடையதா கோத்தவனுடையதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இந்த வளையம் கண்ணில் பட்டது. இதே போல வளையம் போட்ட இரண்டு கோல்களை அவர் முன்பே பார்த்திருக்கிறார், ஒன்று ஒரு பல் டாக்டர் வீட்டில், இன்னொன்று ஒரு நூலகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டும் ஹைன்ரிக் வால்ட் என்ற பட்டறைக்காரன் செய்தவை என்று அவருக்கு ஒரு நினைப்பு. மூன்றாவதும் கிடைத்ததும் நினைப்பு நிச்சயமாகிவிட்டது. இந்த வளையம் ஹைன்ரிக் வால்ட்டின் கையெழுத்து, பெயர் போடாதவன் கோலில் போட்டுவைத்த கையெழுத்து என்று சங்கப் பத்திரிகையில் எழுதினார், படத்தோடு. யாரும் மறுக்கவில்லை. மூன்று துப்பாக்கி, மூன்று வளையம். மூன்றையும் வேட்டைக்காரன் எவனோ கெட்டித்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. பல் டாக்டர் வீட்டில் இரண்டு பையன்கள். நூலகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து நிற்பார்கள். கடவுளே. எதைப் பார்த்தாலும் யார் செய்தான், யார் செய்தான் என்று கேட்கிற புத்திக்கு, என்ன சொல்கிறான் என்று கேட்கத் தெரியவில்லை.

அப்போது க்ளென் ஏதோ சொல்ல வந்தார். ஆமாம், சொல்ல வந்தார். போன வருஷம், இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வளையத்தின் மேல் தன் தடித்த விரலை வைத்து, "எங்கப்பா இந்த வளையத்தைப் பற்றி ஒன்று சொல்வார்" என்று ஆரம்பித்தார். ஆவுடையப்பன் விடவில்லை. அதுதான், அதேதான், அது செய்தவனுடைய கையெழுத்து என்று குறுக்கே விழுந்து பேசத் தொடங்கி, ஹைன்ரிக் வால்ட்டின் பாட்டன் எந்த ஜெர்மன் ஊரிலிருந்து வந்தான் என்பது வரைக்கும் போய்விட்டார். க்ளென் சிரித்துக்கொண்டே விரலை எடுத்துக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் இவ்வளவு நாள் ஆவுடையப்பனின் ஞாபகத்தில் இல்லவே இல்லை, இப்போது எங்கிருந்தோ வந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. என்ன சொல்வார் அவங்கப்பா? சம்பந்தி சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? உட்காருவதற்குக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு ஒரு வாக்கியம் முடிகிற வரைக்கும் காத்திருக்கத் தெரியவில்லை.

அதோடு விட்டாரா? இல்லையே. வந்தது பொங்கல். பொங்கலுக்குப் பெண் வீட்டுச் சீர் கொடுக்க வேண்டுமே என்று வடிவு மாப்பிள்ளைக்குச் சட்டையும் சம்பந்தியம்மாள் ரூத்துக்குப் பட்டுச் சால்வையும் எடுத்தாள். க்ளெனுக்கு என்ன எடுப்பது என்று தெரியவில்லை, அந்த மனுஷனுக்கு எதுவும் வேண்டாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார் ஆவுடையப்பன், பார்த்தும் கொண்டார். துப்பாக்கிப் பூட்டில், விசையைத் தட்டினால் பாய்கிற குதிரை கவ்விக்கொண்டிருந்த பழைய சிக்கிமுக்கிக் கல் மழுங்கிப் பல் போன கல். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த புதுக் கல், தேன் நிறத்தில், பிளேடு மாதிரி விளிம்போடு. அதைச் சின்னத் தோலில் சுற்றி, வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் வைத்து, குனிந்து நீட்டினார். தானே குதிரையின் வாயில் பொருத்தினார், எப்படி இழுத்துவிட்டு விசையைத் தட்டுவது என்று தானே சொல்லிக்கொடுத்தார். கல் வந்து எஃகுத் தகட்டை உரசியது, டிக் என்றது, நட்சத்திரம் மாதிரி பொறி கொட்டியது. எல்சி கை கொட்டிச் சிரித்தாள். அதிலிருந்து இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் டிக்தான். ஈஸ்டருக்கு டிக். ரூத்தின் அக்கா வந்தபோது டிக். கோடையில் நேதனின் சிநேகிதர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு டிக். க்ளென் நாற்காலியில் உட்கார்ந்து எல்சியை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய குட்டி விரலைத் தன் விரலுக்கு மேல் வைத்து, டிக். எதிரில் யார் இருந்தார்கள்? அந்தக் குழலின் வாய்க்கு எதிரில் ஒவ்வொரு தரமும் யார் இருந்தார்கள்? நினைவுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று நினைக்க நினைக்க வந்தது. வடிவு இருந்தாள், காப்பித் தட்டோடு. கோமு இருந்தாள், போனில் படம் பிடித்துக்கொண்டு. இவரே இருந்தார், குழலின் வாயில் கண்ணை வைத்து உள்ளே வெட்டியிருக்கிற சுருள் பள்ளம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு, அப்படியே கண்ணை வைத்துக்கொண்டு, ஐயோ. எல்சி குழலின் வாயில் விரலை விட்டு, எடுத்து, மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள், அதைக் கோமு படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள், பாளையங்கோட்டை மைத்துனர் வீரமங்கை என்று பதில் போட்டார். அந்தப் படம் இவர் போனில் இருக்கிறது. அந்த விரலுக்கு அந்தப் பக்கம் ஈயக்குண்டு இருந்திருக்கிறது. இருநூறு வருஷமாக அவளுடைய விரலுக்காகக் காத்துக்கொண்டு.

பிறகு ஏன் வெடிக்கவில்லை? அத்தனை பொறியும் கொட்டிய இடம் மருந்துக் கிண்ணி, கிண்ணியிலிருந்து குழலுக்குள் போகிற துளை ஊசி நுழைகிற அளவு, அந்தத் துளை வழியாகத்தான் நெருப்பு உள்ளே போக வேண்டும். ஏன் போகவில்லை? ஆவுடையப்பன் மேஜை மேல் விரித்திருந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார். பார்க்க வேண்டாம் என்று அதுவரைக்கும் ஒதுக்கி வைத்திருந்த இடம் அது. துண்டின் ஓரத்தில் ஒரு துணுக்கு கிடந்தது, அரிசியைவிடச் சின்னதாக, மஞ்சள் பூத்து. இன்றைக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் அதுதான். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி அடிவயிற்று முத்திரையைப் பார்க்க வேண்டும், மேல்பட்டை எழுத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் எண்ணெயும் ஊசியும் கட்டிக்கொண்டு வந்தார். கழற்றுவதற்கு முன்னால் சுத்தம் செய்வோமே என்று துளையில் ஊசியை விட்டுக் குடைந்தார், அழுக்கு அடைத்திருக்கிறது என்று. அழுக்கு வந்தது. பிறகு இந்தத் துணுக்கு வந்தது. ஏதோ பூச்சியின் கூடு என்று நினைத்தார். அது இறகின் தண்டு. வாத்து இறகின் தண்டைச் சீவி, அளவாக, துளைக்குள் செருகி அடைத்திருக்கிறான் அந்த மனுஷன், ஈரம் போகாமல், நெருப்பும் போகாமல். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. அவன் ஒரு சின்னத் தக்கையைச் செருகிவிட்டுப் போனான், அதுதான் ஒரு வருஷமாக இந்த வீட்டில் எல்லாரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதை ஆவுடையப்பன் இன்றைக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாக்கை மடித்துக்கொண்டு, மிகவும் கவனமாகப் பிடுங்கி எறிந்துவிட்டார். தண்டுக்குப் பின்னால் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி கொட்டியது. அதைத் துரு என்று நினைத்து, கிண்ணியில் தங்கியதை அப்படியே விட்டு, எஃகுத் தகட்டை மூடி வைத்தார். ஒரு வாசனை வந்தது. தீபாவளிக்கு மறுநாள் காலை வாசனை. மறுநாள் காலையில் தெருவில் வெடிக்காமல் கிடக்கிற வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துகிற வாசனை. செத்துப்போன வெடி என்றுதான் அத்தை மகன் சண்முகவேல் குனிந்து ஊதினான். அவனுக்கு இரண்டு புருவமும் அதற்கப்புறம் முளைக்கவே இல்லை, கல்யாணப் படத்தில்கூட மையால் வரைந்திருந்தார்கள். மருந்து செத்துப்போவதில்லை என்பதை எட்டு வயசில் கண்ணால் பார்த்தவர் ஆவுடையப்பன். அந்த வாசனையை மூக்கில் வைத்துக்கொண்டே, பழைய இரும்பு என்றால் இப்படித்தான் வீசும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, குழலின் உள்ளேயும் துடைத்துவிடலாம் என்று கோலை விட்டார்.

குதிரையைப் பார்த்தார். பாதி இழுத்த நிலையில் நின்றது. துளையைக் குடைவதற்கு வசதியாக அவர்தான் இழுத்து நிறுத்தினார். அந்தப் பாதி நிலைப் பல் தேய்ந்திருக்கிறது, கை பட்டாலே நழுவும் என்று பத்திரிகையில் எழுதியதும் அவர்தான். புதுக் கல் தேன் நிறத்தில் பளபளவென்று எஃகுத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது, பொங்கல் சீராகக் கொடுத்த கல். தூக்கி வேறு பக்கம் திருப்பலாம் என்றால் எந்தப் பக்கம்? மாடியில் நேதன் பலூன் ஊதிக்கொண்டிருக்கிறான். கீழே நிலவறையில் விருந்தாளிப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே ரூத் பூத்தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருக்கிறாள். குழலின் வாய் இப்போது பார்ப்பது அடுக்களை வாசலை, நடுவில் இவருடைய வயிறு. எந்தத் திசையிலும் சொந்தக்காரர்கள். இவ்வளவு சொந்தத்தைச் சேர்த்து வைத்ததற்கு முதல்முறையாக அவருக்குப் பயமாக இருந்தது. முதலில் கிண்ணியில் தண்ணீர் விட வேண்டும். துளை வழியாக மருந்தை நனைத்துவிட்டால் பிறகு பேசிக்கொள்ளலாம், அது தெரியும், அதையும் சங்கத்தில் பாடம் எடுத்திருக்கிறார். தண்ணீர் அடுக்களையில் இருக்கிறது. போக வேண்டும் என்றால் இதை விட்டுவிட்டுப் போக வேண்டும். போய் வருவதற்குள் யாராவது வந்துவிட்டால்? கூப்பிடலாம். கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள், எல்சியும் வருவாள், முதலில் எல்சிதான் வருவாள்.  ஆங்கிலத்தில் என்ன சொல்வது? நாற்பது வருஷம் பேசிய ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை அகப்படவில்லை. எப்படித் தொடங்குவது, சம்பந்தி, ஒரு சின்ன விஷயம், தப்பாக நினைக்கக் கூடாது என்றா?

அதற்குள் செருப்புச் சத்தம். கூடத்து வழியாக க்ளென் வந்துவிட்டார், கையில் காப்பிக் கோப்பை, முகமெல்லாம் சிரிப்பு, துப்பாக்கியின் பின்கட்டைப் பக்கமாக.

"சாம்பாண்டி! குழலைக் கழற்றியாச்சா? இன்னும் இல்லையா? நல்லதாப் போச்சு. சாப்பாட்டுக்கு முன்னால பிறந்தநாள் குழந்தைக்கு ஒரு டிக் வேண்டுமாம், நச்சரிக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே கோப்பையை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கட்டை விரலைக் குதிரையை நோக்கி நீட்டினார்.

"தொடாதலே!"

வீடே அதிர்ந்தது. அப்படி ஒரு குரல் தன் அடிவயிற்றில் இருக்கிறது என்று ஆவுடையப்பனுக்கே அதுவரைக்கும் தெரியாது. அடுக்களையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. வடிவு வாசலில் வந்து நின்றாள், கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல. கத்தியதற்காக இல்லை, சம்பந்தியைப் பார்த்து இந்த மனுஷன் லே போட்டுவிட்டாரே என்று. "என்னங்க இது" என்றாள்.

க்ளெனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாடும் கன்றுமாக வாழ்ந்தவர், குரல் தெரியும். நீட்டிய கை நீட்டியபடி நின்றது. பிறகு அந்தக் கையை மெதுவாக, மிக மெதுவாக, தன் பக்கம் எடுத்துக்கொண்டார். "என்ன ஆச்சு?" என்றார்.

 ஆவுடையப்பன் குழலின் வாயில் நின்ற கோலைத் தொட்டுக் காட்டினார். லேசாகத் தூக்கி விட்டார். தொத்.

"வடிவு, தண்ணி" என்றார். "ஒரு கரண்டியும் கொண்டா. கோமு, பிள்ளையப் பிடி. உள்ள விடாத."

குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து வடிவு டம்ளரை அவர் வாய்ப் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு பூட்டின் பக்கமாகப் போனார். குதிரையில் இரண்டு விரல் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, எஃகுத் தகட்டை நிமிர்த்தி, கிண்ணியில் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விட்டார். தண்ணீர் துளைக்குள் போய், நிறைந்து, வழிந்தது. வழிந்தது மை மாதிரி கறுப்பாக இருந்தது. வெள்ளைத் துண்டில் அது பரவிக்கொண்டே போய் இறகுத் தண்டைத் தொட்டது. அதன் பிறகுதான் குதிரையின் வாயைத் தளர்த்திக் கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போதும் உட்காரவில்லை.

க்ளென் குழலின் வாய்ப் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். வளையத்தின் மேல் விரலை வைத்தார், போன வருஷம் வைத்த அதே விரல். அதை எடுக்கவே இல்லை. முகம் வெளிறிப்போய், நரைத்த தாடிக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"குண்டு இருக்கிறதா?"

"இருக்கு."

"ஒரு வருஷமாகவா?"

"எப்பவுமே இருந்திருக்கு."

க்ளென் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகு ஆவுடையப்பனும் உட்கார்ந்தார். துண்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, அன்னைக்கு நீங்க ஒண்ணு சொல்ல வந்தீங்க" என்று ஆவுடையப்பன் தமிழில் தொடங்கி, தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாறினார். "உங்கப்பா இந்த வளையத்தைப் பற்றி என்ன சொல்வார்?"

க்ளென் வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வளையம் வாயில் நிற்கிற வரைக்கும் அதை ஆணியிலிருந்து இறக்காதே என்பார். அவருடைய அப்பாவும் அதையே சொல்வாராம். என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் யாரும் இறக்கினதில்லை, போன வருஷம் உங்களுக்காக நான் இறக்கினதுதான் முதல். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஸ்டூல் போட்டு ஏறினேன் என்று அடி வாங்கியிருக்கிறேன்." நிறுத்தினார். நிமிர்ந்து ஆவுடையப்பனைப் பார்த்தார். "நீங்கள் படித்தவர். அது செய்தவனின் கையெழுத்து என்றீர்கள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள், நடுவில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன். சரி, வெறும் பெயர்தானே என்றுதான் எடுத்து விளையாட ஆரம்பித்தோம்."

 வடிவு காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், என்ன நடந்தது என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கத் தொடங்கியது. அவளுடைய சேலைக்கும் கதவு நிலைக்கும் நடுவில், கோமுவின் பிடியிலிருந்து எப்படியோ நழுவி வந்து, புதுக் கவுனோடு எல்சி நின்றாள். துப்பாக்கியைப் பார்த்தாள், இரண்டு தாத்தாவையும் பார்த்தாள், இதோ ஆரம்பிக்கப்போகிறார்கள் என்று முகமெல்லாம் மலர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, அவள் டிக்குக்காகக் காத்திருந்தாள்.